ஐப்பசியில் பிரி, தைக்குள் பூட்டு: ரிகம்பண்ட் ட்ரைக்குக்கு ஒரு மழைக்கால வேலை

ஐரோப்பா, அமெரிக்கா பக்கம் ரிகம்பண்ட் ட்ரைக் வைத்திருப்பவர்கள் பனி கொட்டும் மாதங்களில் வண்டியைப் பிரித்துப் போட்டு வேலை பார்ப்பார்கள். நமக்கு அந்தக் குளிர் கிடையாது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அதற்குச் சரியான காலம் ஐப்பசியும் கார்த்திகையும்தான். அடைமழையில் தரையோடு தரையாகப் போகும் வண்டியை வெளியே எடுப்பதில் அர்த்தமே இல்லை, தேங்கிக் கிடக்கும் தண்ணீருக்கு அடியில் எவ்வளவு பள்ளம் என்று தெரியாது, பக்கத்தில் போகும் பஸ் வாரியடிக்கும் சேறு நேராக நம் முகத்துக்குத்தான் வரும். எப்படியும் வண்டி வீட்டுக்குள் கிடக்கப் போகிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற கூட்டம் குன்றக்குடி ரோட்டை நிறைப்பதற்குள் வண்டி ஓட வேண்டும் என்று ஒரு கெடு வைத்துக்கொண்டால் வேலை இழுத்துக்கொண்டே போகாது.

தெரியாதவர்களுக்கு: சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிள்தான் இது. நான் சொல்லப் போவது முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று சக்கரம் உள்ள வகைக்கு. பின்னால் இரண்டு சக்கரம் உள்ள வண்டி என்றால் ஸ்டீயரிங் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். மேம்படுத்துவது என்றதும் எல்லோரும் போனைத் திறந்து வெளிநாட்டுப் பாகங்களின் விலையைப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். அது கடைசி வேலை. வண்டியை உங்கள் காலுக்கு அளவு வைப்பது, சக்கரத்தை நேர் பார்ப்பது, செயினை ஒழுங்குபடுத்துவது, இந்த மூன்றையும் முடித்த பிறகு பாருங்கள், வாங்க நினைத்ததில் பாதி தேவைப்படாது. மீதியில் பெரும்பாலானதை நம்மூர் லேத் பட்டறையும் சீட் தைப்பவரும் செய்து கொடுத்துவிடுவார்கள்.

இடமும் பிரிப்பதும்

பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு இடப் பிரச்சினையே இல்லை. வளவைச் (நடு முற்றத்தைச்) சுற்றி இருக்கும் தாழ்வாரத்தில் சாரல் படாத பக்கமாகப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் கீழே ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் அது சிமெண்ட் கல், எண்ணெயைக் குடிக்கும், குடித்த கறை போகவே போகாது, வீட்டு ஆச்சி அதை நான்கு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றைப் பின்பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, அதன்மேல் ஒரு பிளைவுட் பலகை போட்டுக்கொள்ளுங்கள். கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் என்று எந்த வீட்டிலும் ஒரு பேனர் மடித்துக் கிடக்கும்.

பிரிப்பதற்கு முன்னால் போனில் படம் எடுங்கள். முக்கியமாகச் செயின் எந்த ஐட்லருக்கு (வழியில் செயினைத் திருப்பிவிடும் உருளைக்கு) மேலே போகிறது, எதற்குக் கீழே வருகிறது என்பதை இரண்டு பக்கத்திலிருந்தும் எடுங்கள். வாஷர்கள் வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். ஃபிரேமில் ஒட்டிய செம்மண்ணை ஈரத்துணியால் துடைத்தால் போதும், தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டாம், அது பேரிங்குக்குள் மண்ணைத் தள்ளிவிடும். செயினுக்கும் பல் சக்கரத்துக்கும் மட்டும் மண்ணெண்ணெய். துடைக்கும்போதே வெல்டிங் ஒட்டுகளை, குறிப்பாக முன் சக்கரங்களைத் தாங்கும் குறுக்குக் குழாய் நடுக் குழாயோடு சேரும் இடத்தை, டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்டில் முடிக்கோடு மாதிரி கீறல் தெரிந்தால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அதைக் கவனியுங்கள். அலுமினிய ஃபிரேம் என்றால் தெருமுனை வெல்டிங் பட்டறையில் சூடு வைக்க விடாதீர்கள், ஒட்டைச் சுற்றியுள்ள உலோகம் பலம் இழந்துவிடும். இரும்பு ஃபிரேம் என்றாலும் துளை போடுவது வேண்டாம். எதை மாட்டினாலும் டிஷ் ஆண்டெனாவுக்குப் போடும் யூ கிளாம்ப் மாதிரி ஒன்றை வைத்து, அடியில் பழைய ட்யூப் ரப்பரைச் சுற்றி இறுக்குங்கள்.

காலுக்கு அளவு

முன்னால் பெடல் இருக்கும் குழாயை, அதாவது பூமை, நீட்டலாம், சுருக்கலாம். சீட்டில் முதுகு நன்றாகப் பதிய உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து தூரமாகத் தள்ளினால் கால் சரியாக நீள வேண்டும், முட்டி பூட்டிக்கொள்ளக் கூடாது. அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முட்டி லேசாக மடங்கும். அதுதான் அளவு. முட்டிக்கு முன்னால் வலித்தால் பெடல் கிட்டத்தில் இருக்கிறது, முட்டிக்குப் பின்னால் இழுத்தால் தூரத்தில் இருக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை நினைவில் வையுங்கள்: பூமை ஓர் அங்குலம் நீட்டினால் செயின் மேலேயும் கீழேயும் சேர்த்து இரண்டு அங்குலம், அதாவது நான்கு கண்ணி, கூடுதலாக வேண்டும். அதனால் இந்த அளவை முடிக்காமல் செயினை வெட்டவே வெட்டாதீர்கள்.

அடுத்தது கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, அதன் நீளம். சாதாரண சைக்கிளில் 170 மில்லிமீட்டர் வரும், ட்ரைக்கிலும் பலர் அதையே போட்டு அனுப்பிவிடுகிறார்கள். சாய்ந்து உட்காரும்போது நீளமான கிராங்க் முட்டியை நெஞ்சுக்குக் கொண்டுவந்துவிடும். 150 அல்லது 155 போட்டால் முட்டிக்கு நிம்மதி, கால் வேகமாகவும் சுற்றும். தனியாக இறக்குமதி செய்ய வேண்டியதில்லை, கியர் வைத்த சிறுவர் சைக்கிளில் இந்த நீளத்தில் கிராங்க் வரும், பி.பி. (கிராங்க் சுழலும் பாட்டம் பிராக்கெட்) அச்சின் முனை அதே சதுர வகையா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். 20 மில்லிமீட்டர் குட்டையாக்கினால் பூமை அதே 20 மில்லிமீட்டர் நீட்ட வேண்டும்.

கால் நழுவும் விஷயத்தை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓடும் வண்டியில் பாதம் பெடலிலிருந்து நழுவித் தரையில் பட்டால், வண்டி அதன்மேல் ஏறி காலைக் குறுக்குக் குழாய்க்குக் கீழே இழுத்துவிடும், எலும்பு முறியும். மேம்படுத்த ஒரே ஒரு காரியம்தான் செய்வேன் என்பவர்கள் இதைச் செய்யுங்கள். பெடலோடு மாட்டிக்கொள்ளும் கிளிப் ஷூ இருந்தால் நல்லது. இல்லையென்றால் பெடலுக்குப் பின்னால் குதிகால் உட்கார ஒரு தாங்கியும் பாதத்துக்கு மேலே ஒரு வாரும் போதும். செருப்புத் தைக்கும் அண்ணனிடம் பெடலையே கழற்றிக் கொண்டுபோய்க் காட்டினால் தோலிலோ பெல்ட் நாடாவிலோ அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பார். வார்ச் செருப்போடு ட்ரைக் ஓட்டுவது கூடவே கூடாது, கடைத்தெரு வரைக்கும்தானே என்றாலும்.

சக்கரத்தை நேர் பார்ப்பது

இதுதான் செலவே இல்லாமல் வண்டியை வேறு வண்டியாக்கும் வேலை, இதற்குத்தான் பாதிப் பேர் பொறுமை காட்டுவதில்லை. முன் சக்கரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாவிட்டால் ஒவ்வொரு மீட்டரிலும் டயர் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே போகும். மிதிக்கக் கனமாக இருக்கும், டயரின் ஓரம் ரம்பம் மாதிரி ஆகிவிடும், வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும்.

அளப்பதற்கு முன்னால் ஆட்டத்தைப் பாருங்கள். முன்பக்கத்தைத் தூக்கி வைத்துச் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்தால் டக் டக் என்று சத்தம் வரக்கூடாது. வந்தால் சக்கர பேரிங்கா, ஸ்டீயரிங் சுழலும் அச்சின் புஷ்ஷா, முன் சக்கரங்களை ஸ்டீயரிங்கில் சேர்க்கும் இணைப்புக் கம்பியின் முனையில் இருக்கும் ராட் எண்டா என்று ஒவ்வொன்றாகக் கைவைத்துக் கண்டுபிடியுங்கள். ராட் எண்ட் பேரிங் கடையில் கிடைக்கும், பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரையாக இருக்கக்கூடும். புஷ் போயிருந்தால் லேத்தில் பித்தளையிலோ நைலானிலோ கடைந்துகொள்ளலாம்.

இப்போது அளவு. மூன்று டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும், சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் எடை ஏறினால் ஃபிரேம் கொஞ்சம் வளையும், வெறும் வண்டியில் எடுத்த அளவு ஓட்டும்போது நிற்காது. நீங்கள் உட்கார்ந்துகொண்டு அளக்க வேறு ஒருவரைக் கூப்பிடுங்கள். கொத்தனாரின் ரசமட்டம் கிடைத்தால் முதலில் தரை மட்டமா என்று பார்த்துக்கொள்ளலாம். இரண்டு முன் டயரிலும் நடுவில் சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிகள் முன்பக்கம், அச்சு உயரத்தில் இருக்கும்போது இடையே உள்ள தூரத்தை எடுங்கள். பிறகு வண்டியை அரைச் சுற்று உருட்டி அதே புள்ளிகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வந்ததும் மறுபடி எடுங்கள். ஒரே புள்ளிகளை அளப்பதால் ரிம்மில் இருக்கும் கோட்டம் கணக்கில் நுழையாது. முன் அளவு பின் அளவைவிட அரை நூல் குறைவாக இருந்தால் அருமை, ஒரு நூல் (சுமார் 3 மில்லிமீட்டர்) வரை பரவாயில்லை. முன் அளவு கூடுதலாக இருந்தால் வண்டி நாய் மாதிரி பார்த்த பக்கமெல்லாம் அலையும். லாக் நட்டைத் தளர்த்தி இணைப்புக் கம்பியைத் திருகுங்கள், இரண்டு கம்பி உள்ள வண்டியில் இரண்டையும் சம அளவில், கால் திருகு கால் திருகாகத்தான், ஒவ்வொரு தடவையும் வண்டியை முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளக்க வேண்டும்.

ரிம் கோட்டத்தைச் சைக்கிள் கடையிலேயே எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: இந்த வண்டி வளைவில் சாயாது, அதனால் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் பாரம் விழும், ஸ்போக்ஸ் எல்லாம் நன்றாக இழுவையில் இருக்க வேண்டும்.

செயின், ஐட்லர், கியர்

சாதாரண சைக்கிள் செயின் பாக்கெட்டில் 114 அல்லது 116 கண்ணி இருக்கும். ட்ரைக்குக்கு ஏறக்குறைய இரண்டரையிலிருந்து மூன்று பாக்கெட் வேண்டும். செயின் நீளமாக இருப்பதில் ஒரு லாபம், தேய்மானம் அத்தனை கண்ணிக்கும் பிரிந்து போவதால் ரொம்ப நாள் வரும். 24 கண்ணியை ஸ்கேல் வைத்து அளங்கள், புதுச் செயினில் அது சரியாக 12 அங்குலம். அரை நூல் கூடியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது, ஒரு நூல் கூடும் வரை விட்டால் பல் சக்கரத்தையும் சேர்த்துத் தின்றிருக்கும். கியர் வண்டிக்கு, பின்னால் எத்தனை ஸ்பீடோ (6, 7, 8 என்று) அதற்கான மெல்லிய செயின்தான், ஒற்றைப் பல் சக்கரச் சைக்கிளின் தடித்த செயின் ஒத்துவராது.

சீட்டுக்கு அடியில் செயினைத் திருப்பிவிடும் ஐட்லரைச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் பேரிங் போய்விட்டது. பல வண்டிகளில் இருப்பது ஸ்கேட்டிங் சக்கரத்தில் வரும் 608 பேரிங்தான் (உள் விட்டம் 8, வெளி விட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர்), அளந்து பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதாக வாங்குங்கள். ஐட்லரே தேய்ந்திருந்தால் நைலான் ராடு வாங்கிக் கொடுத்து லேத்தில் அதே அளவுக்குக் கடையச் சொல்லலாம்.

செயின் ஓடும் குழாய் கிழிந்திருந்தால், சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடும் கறுப்புக் குழாயை வைத்துப் பாருங்கள், செயின் உரசாமல் தளர்வாகப் போகும் அளவில். முனைகளைச் சூடாக்கிப் புனல் வடிவில் விரித்துவிட்டால் சத்தம் பாதியாகிவிடும். ஆனால் கால், துணி, சீட்டு படும் இடத்துக்கு மட்டும் குழாய் போதும், முழு நீளத்துக்கும் போட்டால் உராய்வுதான் மிச்சம்.

எண்ணெய் விஷயத்தில் நம்மூர்ச் செம்மண்ணை மறக்கக் கூடாது. எண்ணெய்ச் செயினில் அந்தப் பொடி ஒட்டினால் தேய்க்கும் பசையாகிவிடும். மழை முடியும் வரை மெல்லிய எண்ணெய் விட்டு வெளியே நன்றாகத் துடைத்துவிடுங்கள், துருப் பிடிக்காது. தை பிறந்து ரோடு காய்ந்ததும் செயினைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்து, உருக்கிய பாரஃபின் மெழுகில் ஊறவைத்து மாட்டினால் புழுதி ஒட்டாது. மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். அந்தப் பாத்திரம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது என்பதை முன்பே வீட்டில் சொல்லிவிடுவது நல்லது.

கியரில் ஒரு சின்னக் கணக்கு. பின் சக்கரம் 26 அங்குலம், முன் பல் சக்கரம் 50, பின்னால் 11 என்றால், நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் வேகம் 45 கிலோமீட்டர் வரும். கானாடுகாத்தான் ரோட்டில் யார் 45-இல் மிதிக்கப் போகிறார்கள்? அந்த 50 பல்லைக் கழற்றிவிட்டு 38 பல்லில் ஒற்றைச் சக்கரம் போட்டால் அதே மிதிக்கு 34 கிலோமீட்டர், தாராளம். பின்னால் 34 பல் இருந்தால் மணலிலும் எதிர்க்காற்றிலும் சமாளிக்கலாம். இந்த வண்டியில் எழுந்து நின்று மிதிக்க முடியாது, சீட்டில் முதுகை முட்டுக்கொடுத்து உதைத்தால் முட்டிதான் போகும், அதனால் லேசான கியர் இருப்பது எப்போதும் லாபம். நிற்பதற்கு முன்பே கியரைக் குறைத்துக்கொள்ளும் பழக்கமும் வேண்டும். மறக்கிற ஆளாக இருந்தால், வண்டி நிற்கும்போதும் மாற்றக்கூடிய ஹப் கியர் (சக்கரத்தின் நடுவிலேயே அடங்கிய கியர்) வைத்த பின் சக்கரம் நல்ல முதலீடு. முன் பல் சக்கரத்துக்கு ஒரு வட்டக் காப்பு போட்டுவிடுங்கள், வண்டியின் மூக்கில் ரம்பம் சுற்றிக்கொண்டு போவது தெருவில் விளையாடும் பிள்ளைகளுக்கு ஆபத்து.

பிரேக், டயர்

ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் ஒன்று என்று இரண்டு பிரேக், அதனால் இரண்டும் ஒரே அளவில் பிடிக்க வேண்டும். கேபிள், உறை இரண்டையும் இந்தச் சமயத்தில் புதிதாகப் போட்டுவிடுங்கள். டிஸ்க்கில் எண்ணெய் பட்டிருந்தால் ஸ்பிரிட்டால் துடைக்கலாம், பிரேக் கட்டை எண்ணெய் குடித்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். நிறுத்தி வைக்கும்போது உருளாமல் இருக்க லீவரைச் சுற்றி ஒரு வெல்க்ரோ வார் போதும்.

டயர் வாங்கும்போது பக்கத்தில் பொறித்த எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான ட்ரைக்கில் முன் சக்கரம் 406 (டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், மில்லிமீட்டரில்). நம்மூர்க் கடையில் 20x1.75 என்று சிறுவர் சைக்கிளுக்கு விற்பது அதே ரிம் அளவுதான், அவசரத்துக்கு அது ஓடும். 20x1 3/8 என்பது வேறு ரிம், ஏறாது. நம் பிரச்சினை சீமைக் கருவேல முள். மூன்று சக்கரமும் மூன்று தடத்தில் போகிறது, சைக்கிள் தப்பித்த முள் இதில் தப்பாது. தடித்த பஞ்சர் தடுப்பு அடுக்கு உள்ள டயர் கனம்தான், ஆனாலும் அதையே சொல்வேன். ஆறுதல் என்னவென்றால் முன் சக்கரம் ஒரு பக்கம் மட்டுமே அச்சில் நிற்பதால், கழற்றாமலேயே டயரை உரித்து ஒட்டு போட்டுவிடலாம்.

சீட்டு, கொடி, மற்றவை

வலைச் சீட்டு தொய்ந்திருந்தால் டூவீலர் சீட் தைப்பவரிடம் பழைய வலையையே மாதிரிக்குக் கொடுங்கள். பை தைக்கும் கடையில் நாடாவும் பக்கிளும் கிடைக்கும். தோட்டத்து நிழல் வலை பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆள் எடை தாங்காது. ஃபோம் வைத்த சீட்டை வலைக்கு மாற்ற இது நல்ல நேரம், மார்கழியில் அருமை தெரியாது, சித்திரையில் தெரியும். சாய்மானத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி வையுங்கள். காற்றுத் தடுப்பு கூடும், பரவாயில்லை, நூறடி ரோட்டில் கார்க்காரர் கண்ணில் பட வேண்டும்.

கொடி கட்டாயம், தரையிலிருந்து ஆறடிக்குக் குறையாமல். ஃபைபர் தூண்டில் கம்பு இதற்கு அருமையாக வளைந்து கொடுக்கும். நிறம்தான் தலைவலி, இந்த ஊரில் எந்த நிறத்தைக் கட்டினாலும் தம்பி எந்தக் கட்சி என்று கேட்பார்கள். ஒளிரும் எலுமிச்சைப் பச்சை இதுவரை யாருக்கும் சொந்தமில்லை என்று நினைக்கிறேன். கண்ணாடி இரண்டு பக்கமும், பின்னால் பகலிலும் எரியும் சிவப்பு விளக்கு, ரப்பர் பந்து ஹாரன் ஒன்று. கேரியரில் இரண்டு பக்கமும் ஒயர் கூடை மாட்டினால் சந்தைக்குப் போய்வரலாம்.

மோட்டார் பற்றிக் கேட்பவர்களுக்கு: 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டால் பதிவு தேவையில்லை. ஆனால் நம் பக்கம் பெரும்பாலும் சமதரை, கியர் சரியாக இருந்தால் எதற்கு அது என்பது என் கட்சி. முட்டி வலிக்காரர்கள், வயதானவர்கள் தாராளமாகப் போடலாம். பேட்டரி ஆராய்ச்சி செய்யும் சிக்ரி காரைக்குடியில்தான் இருக்கிறது என்பதற்காக வீட்டில் உட்கார்ந்து லித்தியம் செல்களைச் சேர்த்துக் கட்ட வேண்டாம், பாதுகாப்புச் சுற்று வைத்த ஆயத்த பேட்டரியாக வாங்குங்கள்.

பூட்டி முடித்ததும் நீங்கள் உட்கார்ந்தபடி வண்டிக்கு அடியில் ஒரு செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி எங்கே இடிக்கிறது என்று பாருங்கள், நம் ஊர் வேகத்தடை அதற்குக் குறைவில்லை. இடித்தால் அந்த இடத்தில் ஐட்லரோ செயின் குழாயோ தொங்குகிறதா என்று பார்த்து மேலே ஏற்றுங்கள். முதல் ஓட்டம் காலை ஆறு மணிக்கு, கல்லூரி ரோடு மாதிரி அகலமான இடத்தில், எல் கீ செட்டைப் பையில் போட்டுக்கொண்டு. பிரேக்கை மெதுவாகப் பிடித்து ஒரு பக்கம் இழுக்கிறதா பாருங்கள், எட்டு போட்டுப் பாருங்கள், வளைவில் உடம்பை உள்பக்கம் சாயுங்கள். பிள்ளையார்பட்டி வரை ஒரு நடை போய்வந்த பிறகு பூம் கிளாம்ப், கிராங்க் போல்ட், இணைப்புக் கம்பியின் லாக் நட், ஸ்போக்ஸ் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிப் பார்த்துவிட்டு, சாக்பீஸ் அளவை இன்னொரு தடவை எடுங்கள். புதுக் கேபிள் கொஞ்சம் நீண்டிருக்கும், அதையும் அப்போதே முறுக்கிவிடுங்கள்.